படர்தாமரைக் களிம்புகள்: பயனும் கேடும்

மும்பை மாநகரின் கிழக்கு விளிம்பில், உப்பங்கழியை ஒட்டி அமைந்துள்ளது டிராம்பே. நாடு விடுதலை பெற்றபின் எழுந்த பெருந்தொழில்கள் பல இங்கு வேரூன்றின. 1950களின் இடைப்பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் தோன்றின. 1956-இல் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. 1965-இல் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இவற்றின் அருகிலேயே சீட்டா கேம்ப் என்னும் குடியிருப்பு உள்ளது. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி 1976-இல் அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த மக்கள் இவ்விடத்திற்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் தமிழ் பேசும் குடும்பங்கள் கணிசமானவை.

கடலோர நகரின் வெப்பமும் ஈரப்பதமும் இங்கு ஆண்டின் பெரும்பகுதியில் குறைவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓய்வதில்லை. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்க வேண்டிய நிலை. துவைத்த துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்த வேண்டிய நிலை. வேலைக்குச் செல்பவர் வியர்வையில் நனைந்த உடையுடனேயே நாள் முழுவதும் இருக்க நேர்கிறது. தாராவியின் தையற்கூடங்களிலும் தோற்பட்டறைகளிலும் இதுவே நிலைமை. தோலில் வளரும் பூஞ்சைக்கு இதைவிட ஏற்ற சூழல் வேறில்லை.

இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வட்டமாக அரிப்பு தோன்றியதும், அரை நாள் கூலியை இழந்து மருத்துவமனையில் வரிசையில் நிற்கப் பலரால் இயலுவதில்லை. தெருமுனை மருந்துக் கடையில் ஒரு களிம்புக் குழாய் வாங்கப்படுகிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்குகிறது. 'நல்ல மருந்து' என்று அது அண்டை வீட்டாருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அரிப்பு அடங்குவது வேறு, நோய் நீங்குவது வேறு. இவ்வேறுபாடு உணரப்படாமையே, கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக நாடெங்கும் படர்தாமரை பெருகியதற்கான காரணங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

நோயின் இயல்பு

படர்தாமரை என்பது இரத்தக் கேட்டினால் வருவதன்று. தோலின் மேலடுக்கு, முடி, நகம் ஆகியவற்றிலுள்ள கெராட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் நுண்ணிய பூஞ்சைகளே அதற்குக் காரணம். அவை ஒரு புள்ளியில் தொடங்கி நாற்புறமும் பரவுகின்றன. எனவேதான் வளையத்தின் விளிம்பு சிவந்து தடித்தும், நடுப்பகுதி ஓரளவு தெளிந்தும் காணப்படுகிறது. பூஞ்சை உயிருடன் வளர்ந்துகொண்டிருப்பது பெரும்பாலும் அவ்விளிம்பில்தான். ஒருவர் பயன்படுத்திய துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றின் வழியே அது மற்றவருக்குத் தொற்றுகிறது.

தேமல், கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் ஆகியவற்றிலும் பூஞ்சைகளுக்குப் பங்குண்டு. ஆயினும் இவை எல்லாவற்றிற்கும் காரணமான உயிர் ஒன்றன்று. மருத்துவமும் முற்றிலும் ஒன்றன்று.

களிம்புகள் வந்த வழி

படர்தாமரைக்கு மருந்து தேடும் முயற்சி பழமையானது. தமிழகத்தில் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் உண்டு. வண்டுகொல்லி என்ற பெயரும் அச்செடிக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்ச் சந்தையில் 'கோவாப் பொடி' என்றொரு மருந்து புகழ்பெற்றிருந்தது. பிரேசில் நாட்டு மரமொன்றின் உள்ளிருந்து எடுக்கப்பட்ட அப்பொடி, போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் வந்தது. அது பூஞ்சையை அடக்கியது. கூடவே தோலில் எரிச்சலையும் கறையையும் உண்டாக்கியது. கண்ணில் பட்டால் கடும் அழற்சியை விளைவித்தது. வெளிப்பூச்சு மருந்து என்பதால் மட்டுமே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்ற பாடம் இந்நகருக்குப் புதியதன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டின் பெயரால் வழங்கும் களிம்பு பரவியது. ஆறு விழுக்காடு பென்சாயிக் அமிலமும் மூன்று விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் கொண்ட இம்மலிவான மருந்து அரசு மருந்தகங்களில் நெடுங்காலம் கைகொடுத்தது. 1950-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உலகிற்கு அறிவித்தனர். இத்துறையில் இந்தியாவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. புணே அருகே பிம்ப்ரியில் 1954-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், 1960களில் ஹாமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உருவாக்கியது. அறிஞர் எம். ஜே. திருமலாச்சார் இம்முயற்சியில் முதன்மையானவர்.

1960களின் இறுதியில் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் ஆகியவை ஐரோப்பாவில் உருவாயின. அதன்பின் டெர்பினாஃபின், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் முதலியவை வந்தன. இன்று கடைகளில் கிடைக்கும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்புகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

பூஞ்சை எதிர்ப்பு மருந்தின் பக்க விளைவுகள்

பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் உள்ளது. மனித உயிரணுவில் அது இல்லை. அதற்கு ஈடாகக் கொலஸ்ட்ரால் உள்ளது. இம்மருந்துகள் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுத்துப் பூஞ்சையை நலிவுறச் செய்கின்றன. தோலின் மேல் பூசும்போது இரத்தத்தில் கலக்கும் அளவும் மிகக் குறைவு. எனவே தனிப் பூஞ்சை எதிர்ப்புக் களிம்புகள் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானவை.

எனினும் சில விளைவுகளை அறிந்திருத்தல் நலம். பூசிய இடத்தில் சிறிது எரிச்சல், சிவத்தல், வறட்சி, தோலுரிதல் ஆகியவை தோன்றலாம். சொறிந்து புண்ணாக்கிய தோலிலும், தொடை இடுக்கு போன்ற மென்மையான பகுதிகளிலும் எரிச்சல் மிகுதியாக இருக்கும். சிலருக்கு மருந்தினாலோ, களிம்பிலுள்ள பதனப் பொருளினாலோ ஒவ்வாமை உண்டாகலாம். பூசத் தொடங்கியபின் அரிப்பு குறையாமல் கூடுவதும், நீர்க்கொப்புளம், வீக்கம் ஆகியவை தோன்றுவதும் இதன் அடையாளங்கள். அந்நிலையில் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும். நோய் முற்றியதாகக் கருதி இன்னும் தடிப்பாகப் பூசுவது தவறு.

சாலிசிலிக் அமிலம் கொண்ட களிம்புகளை முகத்திலும் மறைவிடங்களிலும் பூசலாகாது. சிறு குழந்தையின் உடலில் பரந்த இடத்தில் அவற்றைப் பூசுவதும் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உண்போர் மைக்கோனசோலைப் பயன்படுத்துமுன் மருத்துவரிடம் கூற வேண்டும்; அம்மருந்தின் ஆற்றலை இது கூட்டி இரத்தக் கசிவுக்கு வழிவகுக்கலாம். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவர் அறிவுரைப்படியே எதையும் பூசுதல் நன்று.

இவை யாவும் சமாளிக்கக்கூடியவை. பெருங்கேடு வருவது வேறொரு திசையிலிருந்து.

கலவைக் களிம்பு

படர்தாமரைக்கு என விற்கப்படும் குழாய்களில் பல, தனிப் பூஞ்சை எதிர்ப்பு மருந்துகள் அல்ல. அவற்றில் ஒரு பூஞ்சை எதிர்ப்பு மருந்து, ஒரு நுண்ணுயிர்க்கொல்லி, வீரியம் மிக்க ஸ்டீராய்டு ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். எந்தத் தோல் நோயாயினும் மூன்றில் ஒன்று வேலை செய்யும் என்ற எண்ணமே இக்கலவைகளின் விற்பனைக்கு அடிப்படை.

ஸ்டீராய்டு, அழற்சியை அடக்கும் ஆற்றல் வாய்ந்தது. படை, சொரியாசிஸ் போன்ற நோய்களில், மருத்துவர் மேற்பார்வையில் அது அரிய மருந்து. ஆனால் படர்தாமரையில் காணும் சிவப்பும் அரிப்பும், பூஞ்சையை வெளியேற்ற உடல் நடத்தும் போராட்டத்தின் விளைவுகள். ஸ்டீராய்டு அப்போராட்டத்தையே அடக்கிவிடுகிறது. அரிப்பு மறைகிறது, சிவப்பு மங்குகிறது, பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் அரிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. மீண்டும் அதே குழாய் வாங்கப்படுகிறது. இவ்வாறு மாதங்கள் கழிகின்றன.

இவ்வாறு உருமாறிய நோயை ஐவ், மார்க்ஸ் என்னும் இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1968-இலேயே விவரித்து, 'மாறுவேடம் பூண்ட படர்தாமரை' எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். வளையமும் செதிலும் தெளிவாகத் தெரியாமல் போவதால் அனுபவமிக்க மருத்துவரும் நோயை அடையாளம் காணத் தடுமாற நேர்கிறது. சிலரிடம் ஒரு வளையத்திற்குள் மற்றொரு வளையம் தோன்றுவதும் உண்டு.

நோய் நீடிப்பதோடு கேடு முடிவதில்லை. வீரியமிக்க ஸ்டீராய்டை வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிகிறது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் பிளந்ததுபோல் வரிகள் விழுகின்றன. இவ்வரிகள் முழுமையாக மறைவதில்லை. முகத்தில் பூசினால் பருக்கள், வேண்டாத முடி வளர்ச்சி, இரத்த நுண்குழாய்கள் வெளித்தெரிதல், நிறம் மாறுதல் ஆகியவை ஏற்படுகின்றன. கண்ணைச் சுற்றித் தொடர்ந்து பூசுவது கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பாதிக்கலாம். குழந்தைகளின் மெல்லிய தோல் வழியே ஸ்டீராய்டு மிகுதியாக உட்புகுவதால், அட்ரீனல் சுரப்பியின் இயக்கம் குன்றவும் வளர்ச்சி தடைப்படவும் கூடும்.

இக்களிம்புகளைச் சிவப்பழகு தரும் பூச்சாகக் கருதிப் பயன்படுத்துவோரும் உளர். இந்தியாவில் 12 தோல் மருத்துவ மையங்களில் நடைபெற்று 2011-இல் வெளியான ஆய்வொன்றில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தமை தெரியவந்தது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் என்பது சிறிய விகிதமன்று.

பெயரில் வரும் மயக்கம்

களிம்புக் குழாயின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். உள்ளடங்கிய மருந்துகளின் பெயர்கள் சிறிய எழுத்தில் இருக்கும். அதனைப் படித்தறிவதே முதற்பாதுகாப்பு. குளோட்ரிமசோல் என்பது பூஞ்சையை அழிப்பது. குளோபெட்டசோல் என்பது மிகுந்த வீரியமுள்ள ஸ்டீராய்டு. ஒலியில் இரண்டும் நெருங்கியவை. செயலில் நேர் எதிரானவை. குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன், ஹாலோபெட்டசோல் ஆகிய பெயர்களுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்று அறியலாம். படர்தாமரைக்கு அதனைத் தானே வாங்கிப் பூசலாகாது. எழுத்தைப் படிக்க இயலாதவர், 'இதில் ஸ்டீராய்டு உண்டா?' என்று மருந்தாளுநரைக் கேட்பது அவரது உரிமை.

மருந்துக்கு அடங்காத பூஞ்சை

ஒருவர் தவறாகப் பூசும் களிம்பு அவரை மட்டுமே பாதிக்கும் என்று எண்ணுவதற்கில்லை. கடந்த பத்தாண்டுகளில் இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டனர். முன்பு சில வாரங்களில் குணமான படர்தாமரை மாதக்கணக்கில் நீடித்தது. உடலின் பெரும்பரப்பில் படர்ந்தது. குடும்பத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பீடித்தது. இதற்குக் காரணமான பூஞ்சை வகைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே' எனப் பெயரிட்டனர். இந்தியாவை நினைவூட்டும் இப்பெயர் பெருமைக்குரியதன்று. 2023-இல் நியூயார்க் நகரில் இருவரிடம் இது கண்டறியப்பட்டதாக அமெரிக்கப் பொதுச் சுகாதார அமைப்பு அறிவித்தது.

இப்பூஞ்சையின் பல வகைகள் டெர்பினாஃபின் மருந்துக்கு அடங்குவதில்லை. அம்மருந்து தாக்க வேண்டிய நொதியின் அமைப்பு மரபணு மாற்றத்தால் திரிந்துவிடுவதே அதற்குக் காரணம். இப்பெருக்கத்திற்குக் காரணம் ஒன்றே என்று கூற முடியாது. நெரிசல், வெப்பம், இறுக்கமான உடை, அரைகுறை மருத்துவம் ஆகிய அனைத்திற்கும் பங்குண்டு. ஆயினும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கட்டுப்பாடற்ற பயன்பாடு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. குழாய்க் களிம்பில் தீர்ந்திருக்க வேண்டிய நோய்க்கு, பல வாரங்கள் விலையுயர்ந்த மாத்திரைகளும் பரிசோதனைகளும் தேவைப்படும்போது, அச்சுமை கூலித் தொழிலாளியின் குடும்பத்தின்மேல் விழுகிறது.

சட்டத்தின் துணை

மருந்து, அழகுப்பொருள் சட்டம் 1940-இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 1945-இல் வகுக்கப்பட்டன. விதிகளின் 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. எனினும் வெளிப்பூச்சு என்ற காரணத்தால் ஸ்டீராய்டுக் களிம்புகள் பல, நெடுங்காலம் இக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன. தோல் மருத்துவர் சங்கத்தின் இடைவிடாத வேண்டுகோளுக்குப்பின், 2018 மார்ச்சில் வெளியான அறிவிக்கை இவ்விலக்கைக் குறுக்கியது.

பொருத்தமற்ற கலவை மருந்துகளின்மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2016 மார்ச்சில் 344 கலவைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி வல்லுநர் குழு மறு ஆய்வு செய்தது. 2018 செப்டம்பரில் 328 கலவைகள் தடை செய்யப்பட்டன. ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்புகள் சிலவும் அவற்றுள் அடங்கும்.

சட்டம் ஒரு வேலி. வேலியின் இருபுறமும் உள்ளவர்கள் அதனை மதித்தாலன்றிப் பயிர் காக்கப்படாது. சீட்டின்றிக் கேட்பவரும், சீட்டின்றிக் கொடுப்பவரும் உள்ளவரை விதி ஏட்டிலேயே நின்றுவிடும்.

பயன்படுத்தும் முறை

மருத்துவர் பரிந்துரைத்த பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை முறையாகப் பூசுவதிலும் கவனம் தேவை. பூசுமுன் இடத்தைக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். வளையத்தின் நடுவில் மட்டும் பூசுவது பயனற்றது. விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வரை நலமான தோலிலும் பூச வேண்டும். வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளும் களிம்பு சுமார் அரை கிராம் எடையுள்ளது. அது இரண்டு உள்ளங்கைகளை விரல்களோடு சேர்த்து அளந்தால் வரும் பரப்புக்குப் போதும். பூசியபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்துவதே மிகப் பரவலான தவறு. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை எஞ்சியிருக்கும். தோல் தெளிந்த பின்னரும் இரண்டு வாரங்களேனும் தொடர்ந்து பூசுமாறு இந்திய வல்லுநர்கள் அறிவுறுத்துகின்றனர்.

மருந்தோடு பழக்கமும் மாற வேண்டும். ஒருவரின் துண்டையும் உடையையும் மற்றவர் பயன்படுத்தலாகாது. நோயுற்றவரின் துணிகளைத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காதபோது, துணியின் உட்புறத்தைத் திருப்பிச் சூடாகத் தேய்த்து அணியலாம். வியர்வையை உறிஞ்சும் தளர்ந்த பருத்தி உடை நல்லது. வேலை முடிந்து வந்ததும் நனைந்த உடையை மாற்ற வேண்டும். இடுப்பில் ஈரக் கயிறு கட்டியிருப்பதும் பூஞ்சைக்கு இடந்தரும். வீட்டில் எத்தனை பேருக்கு நோய் உள்ளதோ அத்தனை பேரும் ஒரே காலத்தில் மருத்துவம் பெற வேண்டும். இல்லையேல் அது வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

தலையிலும் நகத்திலும் வரும் பூஞ்சை நோய்க்குக் களிம்பு மட்டும் பெரும்பாலும் போதாது. உடலின் பல இடங்களில் பரவிய நோய், குழந்தைகளுக்கு வரும் நோய், இரண்டு மூன்று வாரங்களில் குறையாத நோய் ஆகியவற்றிற்கும் மருத்துவரை நாட வேண்டும். அடிக்கடி திரும்பும் படர்தாமரை நீரிழிவின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் நலம்.

வெளிறிய தழும்பில் தொடு உணர்ச்சி குன்றியிருந்தால், அது பூஞ்சை அன்று, தொழுநோயாக இருக்கலாம். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அண்மையில் வடாலாவில் 1890-இல் நிறுவப்பட்ட ஆக்வொர்த் மருத்துவமனை, அந்நோயாளருக்கென்றே தோன்றியது. இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும். களிம்பு பூசிக் காலம் கடத்தினால் நரம்புகள் பாழாகி ஊனம் நேரும்.

ஸ்டீராய்டுக் களிம்பை ஏற்கெனவே பல மாதங்களாகப் பூசி வருபவர், அச்சத்தினால் அதனை மறைக்கவும் வேண்டாம். தாமாகத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். பயன்படுத்திய குழாயைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவதே சரியான வழி. நோயை அறிவதற்கு அக்குழாய் சிறந்த சான்றாகும்.

நலவாழ்வின் அடித்தளம்

படர்தாமரை உயிரைக் கொல்லும் நோயன்று. அதனாலேயே அது திட்டமிடுவோரின் கவனத்தை எளிதில் பெறுவதில்லை. ஆனால் இரவெல்லாம் சொறிந்து உறக்கமிழந்தவன் மறுநாள் இயந்திரத்தின்முன் நிற்கிறான். தையல் வேலையில் குடும்பம் காக்கும் பெண், நாணத்தினால் நோயை மறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அவதியுறுகிறாள். தண்ணீர் வசதி, காற்றோட்டமுள்ள உறைவிடம், துணி உலர்த்த இடம், மாலை வேளையிலும் திறந்திருக்கும் சுகாதார நிலையம் ஆகியவை கிட்டும்போது, களிம்பின் தேவையே பெரிதும் குறையும். தொழிலாளர் சங்கங்கள், மகளிர் குழுக்கள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோர் குழாயின் சிற்றெழுத்தைப் படிக்கும் பழக்கத்தை மக்களிடையே பரப்பலாம். அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இரண்டு நாளில் அரிப்பை அடக்கும் மருந்தைவிட, இரண்டு மாதத்தில் நோயை வேரறுக்கும் மருத்துவமே மலிவானது என்பதைக் குடும்பங்கள் உணரும்போது, டிராம்பேயிலும் பிற தொழில் நகரங்களிலும் இந்நோயின் பிடி தளரும்.